ஐரோப்பாவில் பாலஸ்தீன ஆதரவு: முதலில் கூடியவர்கள் யார்?

தாளடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். போன மாதம் எங்கள் வாசிப்புக் கூடலில் ஒரு நண்பர், "1967 ஜூன் போர் முடிந்ததும் ஐரோப்பிய இடதுசாரிகள் பாலஸ்தீனர் பக்கம் வந்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இஸ்ரேலும் அண்டை அரபு நாடுகளும் மோதிய ஆறு நாள் போரில் ஒரு கண்டத்தின் மனசு மாறுமா?

1948இல் ஏறக்குறைய 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு நிலத்தை விட்டு ஓடினார்கள், விரட்டப்பட்டார்கள். அதற்கடுத்த 20 ஆண்டுகளில் ஐரோப்பிய இடதுசாரிகளில் பெரும்பாலோர் இஸ்ரேல் பக்கம்தான் நின்றார்கள். சோவியத் ஒன்றியம் இஸ்ரேலை உடனே அங்கீகரித்தது. 1948 போரில் இஸ்ரேலுக்கு ஆயுதம் போனது செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து. கிப்புட்ஸ் பண்ணைகளைக் கூட்டுறவின் கனவாகப் பார்த்தார்கள் தொழிற்கட்சிக்காரர்கள். எல்லாவற்றுக்கும் மேல், 60 லட்சம் யூதர்கள் நாஜிகளால் கொல்லப்பட்ட மண் ஐரோப்பா. அந்தக் குற்றவுணர்வு உண்மையானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் பாலஸ்தீனருக்கு இடமே இல்லாமல் போயிற்று. செய்தித்தாள்களில் அவர்களுக்குப் பெயர்கூட இல்லை, "அரபு அகதிகள்" என்பதோடு சரி.

இந்த நிலையிலிருந்து ஓர் இயக்கம் எப்படி எழுந்தது? அதைத் தொடங்கிய கைகள் யாருடையவை? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

லாசப்பல் வாசி

தாளடி அண்ணா, பிரான்சைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கே கதை அல்ஜீரியாவில் தொடங்குகிறது.

1954 முதல் 1962 வரை நடந்த அல்ஜீரிய விடுதலைப் போரில் ஒரு சிறு கூட்டம் பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியர் பக்கம் நின்றார்கள். பிரான்சிஸ் ஜான்சோன் என்ற தத்துவ ஆசிரியரின் குழு விடுதலை முன்னணிக்காகப் பணப்பெட்டி சுமந்தது. அவர் தலைமறைவானதும் அந்த வேலையைக் கையில் எடுத்தவர் ஆன்றி குரியேல், எகிப்தில் பிறந்த யூதக் கம்யூனிஸ்ட். 1960 செப்டம்பரில் 121 பேர், அல்ஜீரியப் போருக்குப் போக மறுப்பது நியாயம் என்று கையெழுத்துப் போட்டார்கள். இவர்களுக்கு "குடியேற்ற ஆதிக்கம்" என்ற சொல்லின் பொருள் புரிந்திருந்தது.

ஆனால் கவனியுங்கள், 121 பேரில் ஒருவரான தத்துவ எழுத்தாளர் சார்த்தரே 1967 போருக்குச் சில நாள் முன்பு இஸ்ரேலுக்கு ஆதரவான அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டார். அதே நேரத்தில் அவருடைய இதழ் அரபு-இஸ்ரேல் பிரச்சினைக்கென்று ஏறக்குறைய 1,000 பக்கத்தில் ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. அதில்தான் அரபுலக ஆய்வாளர் மாக்சிம் ரோடன்சோன், இஸ்ரேல் என்பது குடியேற்ற ஆதிக்கத்தின் விளைவுதானா என்ற கேள்வியை நீண்ட கட்டுரையாக எழுதினார். ரோடன்சோனும் யூதர். அவருடைய அப்பா, அம்மா இருவரும் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் கொல்லப்பட்டவர்கள். அந்த மனிதர் அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் அதை யாராலும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை என்பது என் எண்ணம்.

இவர்களுக்குப் பக்கத்திலேயே வேறு இரண்டு ஓடைகள். ஒன்று, அதிபர் தெ கோலின் ஆதரவாளர்கள் 1967இல் தொடங்கிய பிரெஞ்சு-அரபு ஒருமைப்பாட்டுச் சங்கம். இன்னொன்று, ஜார்ஜ் மோந்தரோன் போன்ற இடதுசாரிக் கத்தோலிக்கர்கள். 1970 மே மாதம் பெய்ரூட்டில் பாலஸ்தீனத்துக்காகக் கிறிஸ்தவர்களின் உலக மாநாடு ஒன்று கூடியதற்குப் பின்னால் இவருடைய உழைப்பு நிறைய உண்டு.

இதெல்லாம் எழுத்து, மாநாடு. தெருவில் இறங்கியவர்கள் வேறு ஆட்கள். 1970 செப்டம்பரில் ஜோர்தான் மன்னரின் படை பாலஸ்தீனப் போராளிகளையும் முகாம்களையும் தாக்கியபோது பிரான்சில் "பாலஸ்தீனக் குழுக்கள்" முளைத்தன. மொராக்கோ, துனிசியா, அல்ஜீரியாவிலிருந்து வந்த தொழிலாளிகளும் மாணவர்களும், அவர்களோடு சேர்ந்த மாவோயிஸ்ட் பிரெஞ்சு இளைஞர்களும்தான் அவற்றை நடத்தினார்கள். கார் ஆலை வாசல், தொழிலாளர் விடுதி, பாரிஸின் பார்பெஸ் பக்கத்துக் காப்பிக்கடை, இவைதான் அவர்கள் கூடிய இடங்கள்.

நான் தினமும் வேலைக்குப் போகிற வழி அது. நம் ஆட்களின் கடைகள் இருக்கும் லாசப்பலிலிருந்து ரயில் பாலத்தைத் தாண்டினால் கூத் தோர் தெரு. 1971 அக்டோபர் 27 அன்று ஜெல்லாலி பென் அலி என்ற 15 வயது அல்ஜீரியச் சிறுவனை அங்கே சுட்டுக் கொன்றார்கள். ஊர்வலம் கூட்டியவர்களில் முன்னால் நின்றது அதே பாலஸ்தீனக் குழுக்காரர்கள். எழுத்தாளர்கள் சார்த்தரும் ஃபூக்கோவும் ஜெனேவும் அந்தத் தெருவுக்கு வந்தது அவர்கள் பின்னால்தான். அடுத்த ஆண்டு அந்தக் குழுக்களிலிருந்தே அரபுத் தொழிலாளர் இயக்கம் பிறந்தது. பாலஸ்தீனத்துக்காகக் கூடிய கூட்டம், வதிவுரிமைக்கும் வீட்டுக்கும் போராடக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

---

தாளடி

அருமை தம்பி. ரோடன்சோனின் பெற்றோரைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. ஜெர்மனியில் எப்படி? அங்கேதானே குற்றவுணர்வு மிக அழுத்தமாக இருந்திருக்கும்?

---

ஸ்ப்ரே கரை

நான் பெர்லினில் இருக்கிறேன். இதைப் பாதி மறைத்து எழுதக்கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாக வரும்.

முதலில் ஒரு தேதி. 1967 ஜூன் 2, ஈரான் ஷா பெர்லின் வந்தபோது நடந்த எதிர்ப்பில் பென்னோ ஓனசோர்க் என்ற மாணவரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். மூன்றே நாளில் மத்திய கிழக்கில் போர். மாணவர்களைக் காலிகள் என்று எழுதிய அதே ஸ்ப்ரிங்கர் நிறுவன நாளிதழ்கள், இஸ்ரேலின் வெற்றியைத் தங்கள் வெற்றி மாதிரிக் கொண்டாடின. நேற்றுவரை ஹிட்லருக்குக் கை தூக்கிய தலைமுறை இன்று டாங்கிப் படையைப் பாராட்டிப் பழைய கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறது என்று மாணவர்களுக்குத் தோன்றியது. சோசலிச மாணவர் சங்கம் செப்டம்பர் மாநாட்டில் இஸ்ரேல் அரசைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

ஆனால் அந்த மாணவர்களுக்குப் பாலஸ்தீனம் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? மேற்கு ஜெர்மனியில் பொறியியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த பாலஸ்தீனர்கள். அவர்களுடைய பொதுச் சங்கம் 1959இல் கெய்ரோவில் தொடங்கியது. 60களில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வலுவாக இருந்தது. பிற்பாடு பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத்தின் நெருங்கிய ஆலோசகரான ஹானி அல்-ஹசன் இங்கே மாணவர் தலைவராக இருந்தவர்தான். 1969 ஜூனில் ஃபிராங்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் தூதரைப் பேசவிடாமல் செய்தபோது ஜெர்மன் மாணவர்கள், பாலஸ்தீன மாணவர்கள், கூடவே இஸ்ரேலிய இடதுசாரி மாணவர்கள் என்று மூன்று பக்கத்தாரும் இருந்தார்கள்.

இப்போது கசப்பான பகுதி. 1969 நவம்பர் 9. நாஜிகள் யூதக் கோயில்களை எரித்த இரவின் நினைவு நாள். அன்று மேற்கு பெர்லின் யூதச் சமூகக் கூடத்தில், நினைவுக் கூட்டம் நடக்கும் இடத்தில், தங்களைப் பாலஸ்தீன ஆதரவாளர் என்று சொல்லிக்கொண்ட ஒரு ஜெர்மன் தீவிரவாதக் குழு குண்டு வைத்தது. அது வெடிக்கவில்லை, அவ்வளவுதான். 1976 ஜூனில் உகாண்டாவின் என்டெபெக்குக் கொண்டுபோன விமானக் கடத்தலில் இருந்த இருவர் ஜெர்மன் இடதுசாரிகள். அங்கே இஸ்ரேலியப் பயணிகளைத் தனியாகப் பிரித்தார்கள். இதைக் கேட்டுப் பல ஜெர்மன் இடதுசாரிகள் கூசிப்போய் விலகினார்கள். அவர்கள் விலகியது சரி என்றுதான் சொல்வேன். இந்தச் செயல்களுக்குப் பாலஸ்தீனர் துன்பத்தைக் காரணம் காட்டியது அந்த மக்களுக்குச் செய்த துரோகம்.

அதே சமயம் விலை கொடுத்தவர்கள் யார் என்றும் பாருங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு பாலஸ்தீன ஆயுதக் குழுவின் தாக்குதலில் 11 இஸ்ரேலிய வீரர்களும் பயிற்சியாளர்களும் கொல்லப்பட்டதும், பாலஸ்தீன மாணவர் சங்கத்தையும் தொழிலாளர் சங்கத்தையும் மேற்கு ஜெர்மனி தடை செய்தது. படித்துக்கொண்டிருந்தவர்களும் வேலை பார்த்தவர்களுமாகப் பலரை நாடு கடத்தினார்கள்.

---

மறுகரை

எல்லாரும் மாணவர், தொழிலாளி என்கிறீர்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. அரபு நாடுகள் 1973இல் போட்ட எண்ணெய்த் தடைக்குப் பிறகுதானே ஐரோப்பாவின் பேச்சு மாறியது? இன்னொரு பக்கம் மாஸ்கோவின் பணம். இவ்விரண்டும் இல்லாமல் இந்த இயக்கம் வளர்ந்திருக்குமா? மரியாதையோடுதான் கேட்கிறேன்.

---

அலமாரி

நியாயமான கேள்வி, மறுகரை. ஆனால் அரசுகளையும் இயக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. 1980 ஜூனில் ஐரோப்பியச் சமூகத்தின் 9 நாடுகள் வெனிஸ் அறிக்கையில் பாலஸ்தீனரின் சுயநிர்ணய உரிமையை ஏற்றன. பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ. பேச்சுவார்த்தையில் சேர்க்கப்பட வேண்டும் என்றன. அதில் எண்ணெய்க்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் பாரிஸ் பாலஸ்தீனக் குழுக்கள் 1970இல் பிறந்தவை. நார்வேயின் பாலஸ்தீனக் குழுவும் 1970தான். எண்ணெய்த் தடைக்கு மூன்று ஆண்டு முந்தியவை இவை.

மாஸ்கோவைப் பற்றி. கிழக்கு ஜெர்மனி பி.எல்.ஓ.வுக்கு அலுவலகம் திறக்க ஒப்பந்தம் போட்டது 1973இல். மேற்கு ஐரோப்பாவில் முதல் குழுக்களைத் தொடங்கியவர்களில் பலர் மாஸ்கோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மாவோயிஸ்டுகள், டிராட்ஸ்கியவாதிகள். கம்யூனிஸ்ட் கட்சிகள் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

எண்ணெயும் மாஸ்கோவும் எட்டாத இடத்திலும் சிலர் இருந்தார்கள். ஃபிரான்சிஸ் நியூட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஹைஃபாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1936 அரபுக் கிளர்ச்சியை அடக்க, அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசின் படை கிராமங்களில் செய்ததையெல்லாம் எழுதி லண்டனில் அச்சிட்டார். 1938இல் அவரைப் பாலஸ்தீனத்துக்குள் வரவிடாமல் அவருடைய சொந்த அரசே தடுத்தது.

அப்புறம் அயர்லாந்துக்காரர் எர்ஸ்கின் சைல்டர்ஸ். இவருடைய தாத்தாவை 1922இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரில் சுட்டுக் கொன்றார்கள். அப்பா பின்னாளில் அயர்லாந்தின் குடியரசுத் தலைவர். 1961இல் இவர் ஒரு காரியம் செய்தார். "1948இல் அரபுத் தலைவர்கள்தான் வானொலியில் மக்களை ஓடச் சொன்னார்கள்" என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள் அல்லவா? அந்தக் காலத்து ஒலிபரப்புகளை பி.பி.சி. கேட்டுப் பதிந்து வைத்திருந்த குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். அப்படி ஓர் உத்தரவு ஒன்றுகூட இல்லை. மாறாக, இருந்த இடத்திலேயே இருங்கள் என்ற வேண்டுகோள்கள் இருந்தன. அதை ஒரு லண்டன் வார இதழில் எழுதினார். 1967க்கு ஆறு ஆண்டு முன்பு! ஒரு மனிதர் உட்கார்ந்து பழைய குறிப்பைப் புரட்டியதை நான் எந்த ஊர்வலத்துக்கும் குறைவாக நினைக்கவில்லை.

இஸ்ரேலுக்குள்ளிருந்தும் குரல் வந்தது. மத்ஸ்பென் என்ற சிறு சோசலிசக் குழு 1962இல் உருவானது. 1967 செப்டம்பரில் ஹாரெட்ஸ் நாளிதழில் 12 பேர், நம்மைக் காத்துக்கொள்ளும் உரிமை பிறரை ஒடுக்கும் உரிமை ஆகாது, பிடித்த நிலத்தை விட்டு வெளியேறுங்கள் என்று அறிக்கை கொடுத்தார்கள். மத்ஸ்பென் குழுவைச் சேர்ந்த மோஷே மக்கோவர், அகிவா ஓர் லண்டனிலும் எலி லோபல் பாரிஸிலும் இருந்துகொண்டு ஐரோப்பிய இளைஞர்களுக்கு ஊருக்கு ஊர் போய் விளக்கினார்கள். நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து லண்டன் வந்த யூதக் கவிஞர் எரிக் ஃபிரீட், ஜெர்மன் மொழியில் இஸ்ரேலை நோக்கிக் கவிதை எழுதி நிறைய வசை வாங்கினார்.

---

பனிக்கால்

நான் ஒஸ்லோவில் தாதியாக வேலை செய்கிறேன். அரசியல் அதிகம் தெரியாது. ஆனால் இந்த இழையில் மருத்துவமனை வரவே இல்லையே என்று எழுதுகிறேன்.

நார்வேத் தொழிற்கட்சி இஸ்ரேலின் நெருங்கிய நண்பனாக இருந்த காலம். அப்போதுதான் பாலஸ்தீனக் குழு பிறந்தது. 1970களின் நடுவிலிருந்து அவர்கள் லெபனான் அகதி முகாம்களுக்கு மருத்துவர், தாதி, இயன்முறை வைத்தியர் என்று குழுக் குழுவாக அனுப்பினார்கள். ஸ்வீடனிலிருந்தும் போனார்கள். 1976இல் தல் அல்-ஸாத்தர் முகாம் முற்றுகையில் ஒரு ஸ்வீடன் தாதி தன் கையை இழந்தார். போய் வந்தவர்கள் ஊர் திரும்பி, தேவாலய மண்டபத்திலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் புகைப்பட வில்லைகளைச் சுவரில் காட்டிப் பேசினார்கள். ஒரு சின்ன ஊரில் எல்லாருக்கும் தெரிந்த தாதி அக்கா வந்து "நான் கண்ணால் கண்டேன்" என்று சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வார்டில் ஓய்வுபெறும் வயதில் ஒருவர் இருந்தார். இளவயதில் இரண்டு முறை லெபனான் போனவர். அவர் வீட்டுச் சோபாவில் ஒரு தலையணை உறை இருந்தது; கறுப்புத் துணியில் சிவப்பு நூலில் குறுக்குத் தையல். ஒரு முகாம் பெண் கொடுத்ததாம். தையல் வடிவத்தைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாமாம். ஆனால் தைத்த பெண் முகாமில் பிறந்தவள், அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அம்மா தைத்ததைப் பார்த்துத் தைத்தாளாம். இதைச் சொல்லும்போது அவர் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஊரை விட்டு வந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். 1973 ஜூலையில் லில்லஹாமர் என்ற அமைதியான ஊரில் இஸ்ரேல் உளவுத்துறையான மொசாட்டின் ஆட்கள் ஆள் மாறி, அஹமத் பூஷிக்கி என்ற மொராக்கோ உணவகப் பணியாளரை, கர்ப்பிணி மனைவியின் கண் முன்னால் சுட்டுக் கொன்றார்கள். நார்வேக்காரர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. மற்றது, 1978 முதல் தெற்கு லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் ஆயிரக்கணக்கான நார்வே இளைஞர்களும் அயர்லாந்து இளைஞர்களும் நின்றார்கள். ஊருக்கு வரும்போது அவர்கள் வேறு கதை கொண்டுவந்தார்கள்.

1982 செப்டம்பர் 16 முதல் 18 வரை பெய்ரூட்டின் சப்ரா, ஷத்தீலா அகதிக் குடியிருப்புகளில் நடந்த படுகொலை. அங்கே "காஸா" என்ற பெயருள்ள மருத்துவமனையில் ஐரோப்பிய மருத்துவர்களும் தாதிகளும் இருந்தார்கள். லண்டனிலிருந்து போன எலும்பு அறுவை மருத்துவர் சுவீ சாய் ஆங், சிங்கப்பூரில் வளர்ந்தவர், இஸ்ரேலை நேசிக்கும் கிறிஸ்தவக் குடும்பச் சூழலிலிருந்து வந்தவர். படுகொலை நடந்தபோது அறுவை மேசையை விட்டு நகராமல் இருந்தவர். பிறகு ஜெருசலேம் போய் இஸ்ரேலின் விசாரணைக் குழு முன் சாட்சி சொன்னார். 1984இல் பாலஸ்தீனருக்கான மருத்துவ உதவி அமைப்பை பிரிட்டனில் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

---

மறுகரை

அக்கா, தலையணை உறையைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எண்ணெய் வாதத்தை அரசுகளோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏற்கிறேன். ஆனால் 1982 பேசும்போது ரோமையும் பேச வேண்டும். இஸ்ரேல் படை லெபனானுக்குள் நுழைந்த ஜூனில், தொழிற்சங்க ஊர்வலத்தில் போன சிலர் யூதக் கோயில் முன்னால் ஒரு சவப்பெட்டியை வைத்தார்கள். அக்டோபரில் அதே கோயில் வாசலில் ஆயுததாரிகள் தாக்கி 2 வயதுக் குழந்தை இறந்தது. அதை விட்டுவிட்டு வரலாறு எழுதக்கூடாது.

---

ஸ்ப்ரே கரை

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். இஸ்ரேல் அரசு செய்வதற்கு ரோமில் வாழும் யூதர் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பதே பழைய நஞ்சு. அதே ஜூனில் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட இத்தாலிய யூத எழுத்தாளர் பிரீமோ லேவி, லெபனானிலிருந்து இஸ்ரேல் வெளியேற வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

---

அலமாரி

ரோம் பேச்சு வந்ததால் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வாயெல் ஸுவைத்தர் என்பவர். பாலஸ்தீன நகரமான நப்லுஸில் பிறந்தவர், ரோமில் அரஃபாத்தின் ஃபத்தா இயக்கத்துக்குப் பிரதிநிதி. ஆனால் பேச்சு முழுக்க இலக்கியம். அல்பர்ட்டோ மொராவியா போன்ற எழுத்தாளர்கள் நண்பர்கள். ஆயிரத்தொரு இரவுகளை அரபியிலிருந்து இத்தாலிய மொழிக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1972 அக்டோபர் 16 இரவு, வீட்டு வாசலில் 12 குண்டு. மியூனிக் தாக்குதலில் அவருக்குத் தொடர்பு உண்டு என்றது இஸ்ரேல் தரப்பு. கடைசிவரை அதை மறுத்தார்கள் நண்பர்கள். சட்டைப்பையிலிருந்த அரபுப் புத்தகத்தையும் ஒரு குண்டு துளைத்திருந்தது.

பாரிஸில் மஹ்மூத் ஹம்ஷாரி, இஸ்ஸுத்தீன் கலக், லண்டனில் சயீத் ஹம்மாமி, பிரஸ்ஸல்ஸில் நயீம் காதர். எல்லாரும் 1972க்கும் 1981க்கும் இடையில் கொல்லப்பட்ட பாலஸ்தீனப் பிரதிநிதிகள். கொன்றவர்கள் ஒரே பக்கத்தார் அல்ல. சமாதானம் பேசிய ஹம்மாமியைக் கொன்றது அபு நிதாலின் பாலஸ்தீனக் குழுவே. ஐரோப்பியரோடு உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே பேசத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கொன்றார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. 1975இல் லண்டனில் தொடங்கிய நம் ஈழப் போராளி அமைப்பான ஈரோஸ், லெபனானில் பயிற்சிக்கு வழி தேடியதும் இந்த ஹம்மாமி வழியாகத்தான்.

1982க்குப் பிறகு எல்லாம் வேகம். பிரிட்டனின் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு இயக்கம் அந்த ஆண்டில்தான் பிறந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் மட்டும் இரண்டு ஆண்டு முந்திக்கொண்டு, 1980இலேயே நப்லுஸோடு சகோதர நகரமானது.

---

தாளடி

எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் தொகுத்து அடுத்த கூடலில் வாசிக்கப் போகிறேன். ஒன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. 1967 ஐரோப்பியரின் கண்ணைத் திறந்திருக்கலாம். ஆனால் கையைப் பிடித்து அழைத்துப் போனவர்கள் அங்கே படிக்கவும் உழைக்கவும் வந்த அரபு மக்கள். லாசப்பல் தம்பி, பார்பெஸ் பக்கம் அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா?

---

லாசப்பல் வாசி

அண்ணா, நீங்கள் கேட்டதற்காகவே ஞாயிற்றுக்கிழமை போனேன். கூத் தோர் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை, மதியத் தொழுகை முடிந்து பெரியவர்கள் டொமினோ ஆடும் இடம். என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு துனிசியத் தாத்தா பக்கத்தில் உட்காரச் சொன்னார். 1970இல் அவருக்கு 22 வயது, கார் ஆலையில் வேலை. சம்பள நாளில் வாசலில் துணிப்பை பிடித்து நிற்பாராம். போட்டவர்கள் ஒரு ஃபிராங்க், இரண்டு ஃபிராங்க் போட்டார்களாம். துண்டறிக்கையின் பிரெஞ்சுப் பக்கத்தை மாணவர்கள் தட்டச்சு செய்வார்கள். அரபுத் தட்டச்சுப் பொறி கிடைக்காததால் அந்தப் பக்கத்தை மெழுகுத்தாளில் கையால் எழுதுவது இவர் வேலை. எழுத்து கோணினால் இன்னொரு தாள் வீண், அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவேன் என்று விரலைக் காற்றில் வலமிருந்து இடமாக ஓட்டிக் காட்டினார்.

ஏதாவது ஒன்று கையில் இருக்கிறதா என்று கேட்டேன். சூஸ் நகரத்து வீட்டில், தகரப் பெட்டியில், மூன்றோ நாலோ இருக்குமாம். பேரன் கோடை விடுமுறைக்குப் போகிறான், படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வந்ததும் இங்கே போடுகிறேன். அரபி வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.